பத்து நொடிக்கு ஒரு பேட்டரி

விசைப்படகுக்குப் புது பேட்டரி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை ஆம்பியர்?" என்பதுதான். வந்தவர் 130 என்பார், அல்லது 150 என்பார். பழையது அந்த அளவாக இருந்திருக்கும், இல்லையென்றால் பக்கத்துப் படகில் அதுதான் இருக்கும். போன பேட்டரி சரியாக இழுக்கவில்லை என்ற கசப்பு இருந்தால் ஒரு படி ஏற்றி 180 கேட்பார். அதற்குமேல் பேச்சு விலைக்கும் வாரண்டிக்கும் போய்விடும். இந்தப் பேரத்தில் ஒரு சொல் உதிர்ந்துவிட்டதை இருவருமே கவனிப்பதில்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது ஆம்பியர்-அவர். அதாவது மணிக்கணக்கோடு பெருக்கிய அளவு. வாய்ப்பேச்சில் அந்த 'அவர்' விழுந்துவிட, மெதுவாகவும் நெடுநேரமும் கொடுக்கும் திறனைச் சொல்லும் எண்ணை, ஒரே மூச்சில் கொடுக்கும் பலமென்று எடுத்துக்கொள்கிறோம். இஞ்சினைக் கிளப்பும் வேலைக்கு அந்த எண் அநேகமாகப் பயன்படாது. பழைய படகு இஞ்சினுக்கு மாற்று பேட்டரி தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அது சில நொடிகளில் எவ்வளவு கொட்டும் என்பதை. அதையும் மின்சாரம் போய்ச் சேரும் வழியைச் சோதித்த பிறகு பார்ப்பதுதான் முறை.

கணக்கு எளிது. 100 ஆம்பியர்-அவர் என்று போட்டிருந்தால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தாங்கும் என்று பொருள். கம்பெனி அப்படித்தான் அளக்கிறது. விளக்கு எரிவதைப் போன்ற நிதானமான சோதனை அது. இஞ்சினைப் புரட்டும் செல்ஃப் மோட்டாரின் பசி வேறு மாதிரி. 12 வோல்ட்டில் ஓடும் 3 கிலோவாட் செல்ஃப் ஒன்று, சுற்றிக்கொண்டிருக்கும்போதே 300 ஆம்பியருக்குமேல் இழுக்கும். அசையாமல் கிடக்கும் இஞ்சினை முதலில் புரட்டும் அந்தக் கணத்தில் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும். 300 ஆம்பியர் வீதம் 10 நொடி ஓடினால் மொத்தம் 3,000 ஆம்பியர்-நொடி. ஒரு மணிக்கு 3,600 நொடி. ஆகவே செலவானது ஒரு ஆம்பியர்-அவர் கூட இல்லை. ஐந்து முறை முயன்றாலும் நான்கைச் சற்றுத்தான் தாண்டும். 150 வைத்திருக்கும் பேட்டரியில் இது நூற்றுக்கு மூன்று பங்குதான். இஞ்சின் ஓடத் தொடங்கினால் ஆல்டர்னேட்டர் அதைச் சிறிது நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். பழைய டீசல் இஞ்சினில் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் இயந்திர விசையால் இயங்குபவை. ஒருமுறை பிடித்துக்கொண்டால் ஓடுவதற்கு அதற்கு மின்சாரமே தேவையில்லை. கடலுக்குப் போய்க் கரை திரும்பும் வரை இஞ்சினுக்காக பேட்டரி செய்யும் வேலை முழுவதும் அந்தப் பத்து நொடிக்குள் முடிந்துவிடுகிறது. 130-ஐ 180 ஆக்கினால் தேக்கம்தான் பெரிதாகும். அதே வகைப் பேட்டரியில் தகடுகளும் கூடுவதால் கொட்டும் வேகமும் ஓரளவு கூடும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு கூடும் என்பதை அந்த எண் சொல்வதில்லை.

அந்தப் பத்து நொடி ஏன் அவ்வளவு முக்கியம்? டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் போன காற்றை 16 மடங்கு, சிலவற்றில் 20 மடங்கு வரை நெருக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. வேகமாக நெருக்கினால் சூடு தங்கும். மெதுவாக நெருக்கினால் ஒரு பங்கு சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும், ஒரு பங்கு காற்று ரிங் ஓரமாகக் கசிந்துவிடும். புது இஞ்சின் இதைச் சமாளிக்கும். லைனரும் ரிங்கும் தேய்ந்த பழைய இஞ்சினில் கசிவுக்கு வழி அதிகம், ஆகவே அதை இன்னும் வேகமாகச் சுற்றினால்தான் அதே சூடு கிடைக்கும். பழைய இஞ்சின் இறுகிப்போயிருக்கும், புரட்டவே பலம் வேண்டும் என்று பலரும் நினைப்பது உண்மைக்கு நேர்மாறானது. தேய்ந்த இஞ்சின் புரட்டுவதற்குச் சுலபம்தான், பற்றவைப்பதற்குத்தான் கடினம். செல்ஃப் அடிக்கும்போது புகைக்குழாயைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வெள்ளைப் புகை தள்ளினால் டீசல் போகிறது, சூடுதான் போதவில்லை. வேகத்தை, அதாவது பேட்டரியையும் கேபிளையும் கவனிக்க வேண்டும். வேகம் நன்றாக இருந்தும் வெள்ளைப் புகை என்றால் குற்றம் ரிங்கிலோ வால்விலோ இருக்கும். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை, ஃபில்டரில் அடைப்போ குழாயில் காற்றோ இருக்கலாம். அதற்கு எந்த பேட்டரியும் மருந்தாகாது.

ஈய-அமில பேட்டரியை பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளாந்தே 1859-ல் உருவாக்கினார். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார செல்ஃப், 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் இடம்பிடித்தது. அதற்கு முன் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் இஞ்சினை எழுப்பினார்கள். அடிப்படை வேதியியல் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். வேறுபாடு தகடுகளில் இருக்கிறது. வண்டிகளுக்கான பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய அடுக்கப்பட்டிருக்கும். அமிலம் தொடும் பரப்பு அதிகம் என்பதால் மின்சாரம் ஒரே நேரத்தில் பாய்ந்து வரும். வீட்டு இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரியில் பருத்த குழாய்களுக்குள் ஈயப்பொருளைத் திணித்திருப்பார்கள். திரும்பத் திரும்ப வற்றவிட்டு நிரப்பினாலும் அது தாங்கும், ஆனால் மின்சாரம் பாய்ந்து வரவிடாத உள்தடை அதிகம். அண்டாவுக்கும் குடத்துக்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் பிடித்தாலும், தீப்பிடித்த கூரையில் கொட்ட எதைத் தூக்குவோம்? மாறாக, மெல்லிய தகட்டு பேட்டரியை விளக்கெரிக்கவிட்டு அடிக்கடி அடிமட்டம் வரை இறக்கினால், தகட்டிலிருந்து பொருள் உதிர்ந்து சில மாதங்களிலேயே அது படுத்துவிடும்.

பாய்ந்து வரும் திறனுக்கென்று தனி எண் ஒன்று உண்டு. சிசிஏ என்று சுருக்கமாக அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்க அளவுமுறைப்படி, மைனஸ் 18 டிகிரி குளிரில் 30 நொடி, மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதே அது. நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் மைனஸ் 18-க்கு எங்கே போவது, பனிநாட்டு எண் நமக்கு எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்விதான். குளிரில் பேட்டரி சோம்பிப்போகும். அந்த மோசமான நிலையில் வைத்து எல்லா பேட்டரிகளையும் ஒரே அடிக்கோலால் அளக்கிறார்கள், அவ்வளவே. எதற்கு உள்தடை குறைவு என்று ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணாக அது நம் ஊர் வெயிலிலும் செல்லும். படகுகளுக்கென்று விற்கும் சில பேட்டரிகளில் எம்சிஏ என்று வேறோர் எண் இருக்கும். அது 0 டிகிரியில் அளந்தது, ஆகவே அதே பேட்டரிக்கு ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாகக் காட்டும். ஒன்றில் எம்சிஏவையும் மற்றொன்றில் சிசிஏவையும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாறுவோம். எவ்வளவு வேண்டும் என்பதற்கு இஞ்சின் கையேடுதான் முதல் ஆதாரம். பழைய இஞ்சின்களுக்குக் கையேடு தொலைந்து பல காலம் ஆகியிருக்கும். நம் கரையோரத்தில் ஓடுபவற்றில் பல, அசோக் லேலண்டு முதலிய லாரி இஞ்சின்களின் கடல் வடிவங்கள் என்பது இங்கே கைகொடுக்கிறது; அதே இஞ்சின் லாரியில் எந்த பேட்டரியோடு வந்தது என்று தேடிப் பிடிக்கலாம். அதுவும் முடியாதபோது டீசல் மெக்கானிக்குகளிடையே ஒரு குத்துமதிப்பு உண்டு: 12 வோல்ட் அமைப்பில் இஞ்சின் கொள்ளளவு லிட்டருக்கு 120 சிசிஏ. 6 லிட்டர் இஞ்சினுக்கு 720 வருகிறது. 24 வோல்ட்டில் அதே பலத்துக்குப் பாதி மின்னோட்டம் போதும். குத்துமதிப்பு குளிர்நாட்டையும் மனதில் வைத்தது என்பதால் தேய்ந்த இஞ்சினுக்கு வேண்டிய உபரியும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

கொட்டும் வேகத்தைப் பார்த்து வாங்குவதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் அனுபவத்திலிருந்து வருகிறது. இன்வெர்ட்டர் பேட்டரியைப் போட்டு இரண்டு வருடமாகப் படகு ஓட்டுகிறவர் இருக்கிறார், ஒரு குறையும் இல்லையே என்பார்கள். பொய்யல்ல. 150 அல்லது 200 ஆம்பியர்-அவர் கொண்ட பெரிய டியூபுலர் பேட்டரி புதிதாக இருக்கும்போது, தன் உருவத்தாலேயே செல்ஃபுக்கு வேண்டியதை ஒருவாறு கொடுத்துவிடும். இஞ்சினும் நல்ல நிலையில் இருந்தால் இரண்டே சுற்றில் பிடித்துக்கொள்ளும். பேட்டரிக்கு வயதாகும்போது உள்தடை ஏறுகிறது, இஞ்சினுக்கு வயதாகும்போது வேண்டிய வேகம் ஏறுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடந்து ஒரு நாள் சந்தித்துக்கொள்ளும். அந்த நாள் கரையில் வருமா, கரைக்கு 20 கடல் மைல் வெளியே வலையை இறக்கிவிட்டு இஞ்சினை அணைத்த வேளையில் வருமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மேலும், மெதுவாகச் சுற்றும் இஞ்சினை நீண்ட நேரம் அடிக்க வேண்டியிருப்பதால் செல்ஃபின் சுருள் சூடேறி எரிகிறது. பேட்டரியில் மிச்சம் பிடித்த பணம் ஆர்மேச்சர் கட்டுகிறவரிடம் போய்ச் சேரும்.

டியூபுலரைத் தேடிப் போவதற்கு உண்மையான காரணம் வேறு ஒன்று என்று நினைக்கிறேன். இரவு முழுக்க எரியும் விளக்குகள், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், விஎச்எஃப் வாக்கி, டிரான்ஸ்பாண்டர், பத்துப் பேரின் செல்போன் சார்ஜர் எல்லாம் அதே பேட்டரியில் தொங்குகின்றன. அந்தச் சுமைக்கு டியூபுலர் வகைதான் ஏற்றது. தவறு அதை வாங்கியதில் இல்லை. விளக்குக்கும் செல்ஃபுக்கும் ஒரே பேட்டரியைக் கட்டியதில் இருக்கிறது. செல்ஃபுக்கென்று தனி பேட்டரி, மற்றவற்றுக்கு வேறு பேட்டரி, நடுவே ஒரு மாற்று சுவிட்ச் என்று பிரித்துவிட்டால் இரண்டுமே நீண்ட நாள் உழைக்கும். விளக்கு மங்கிப்போனாலும் இஞ்சின் எழும்பும். ஒன்றுக்கு இரண்டா என்று செலவுக்கு அஞ்சுகிறவர்கள், பெரியதாக ஒன்று வாங்கும் காசில் செல்ஃபுக்கு அளவான ஒன்றையும் விளக்குக்குச் சிறிய ஒன்றையும் வாங்க முடியுமா என்று விலை கேட்டுப் பார்க்கலாம். 24 வோல்ட் படகுகளில் இன்னொரு கெட்ட பழக்கம் இருக்கிறது. வரிசையில் கட்டிய இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் கிள்ளி எடுத்து வாக்கிக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் கொடுப்பார்கள். ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் ஒரே அளவுதான் ஊட்டுகிறது. ஆகவே கிள்ளப்பட்டது என்றைக்கும் அரைவயிறாகவும், மற்றது மிதமிஞ்சித் தின்று கொதிப்பதாகவும் ஆகி இரண்டும் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று இதைத் தீர்த்துவிடும். அதே காரணத்தால் ஜோடியில் ஒன்று செத்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதோடு கட்டிய புதியது விரைவில் பழையதாகும்.

இவ்வளவுக்கும் முன்னால் கேபிள். கடற்காற்றில் செம்பு பச்சை பூக்கும் என்பது கடற்கரையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பச்சை எவ்வளவு திருடுகிறது என்பதுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை. டெர்மினலிலும் லக்கிலும் எர்த் பிடிக்கும் போல்ட்டிலும் சேர்ந்து ஓர் ஓமில் இருநூறில் ஒரு பங்கு தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரில் அதைப் பார்க்கவே முடியாது, விளக்கு எரிவதிலும் குறை தெரியாது. அதில் 300 ஆம்பியர் பாயும்போது 1.5 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். ஏற்கெனவே சுமையில் 10 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்கும் பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போய்ச் சேர்வது எட்டரைதான். போகவும் வரவும் சேர்த்து 4 மீட்டர் கேபிளை 25 சதுர மில்லிமீட்டர் தடிமனில் போட்டிருந்தால் 300 ஆம்பியருக்கு ஏறக்குறைய 0.9 வோல்ட் இழப்பு. 70 சதுர மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சோதிக்கும் முறை சுலபம். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், மற்றவர் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் முனையிலும் மறு முனையை செல்ஃபின் பெரிய போல்ட்டிலும் வைத்துப் படிக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி அந்த வழியில் இருக்கிறான். எர்த் பக்கமும் இதே சோதனை. அங்கே இழப்பு இருக்கும்வரை எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் புது பேட்டரி பழையதைப் போலவே நடந்துகொள்ளும். ஈயம் பூசிய டெர்மினல், வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள், பூட்டிய பின் ஒரு பூச்சு கிரீஸ்: இதற்காகும் செலவு பேட்டரி விலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீனுக்கு நல்லது, பேட்டரிக்குக் கெட்ட காலம். சும்மா கிடக்கும் பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். அக்னி நட்சத்திர வெயிலில், மூடிக்கிடக்கும் இஞ்சின் ரூமுக்குள் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். குறை சார்ஜில் கிடக்கும் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாக உறைந்துபோகிறது. பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் பரப்பு திரும்ப வேலைக்கு வராது. தடைக்காலம் முடிந்த மறுநாள் செல்ஃப் எடுக்காத படகுகளுக்கு, பேட்டரி 'திடீரென்று' போய்விட்டதாகச் சொல்வார்கள். அது இரண்டு மாதமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓய்வில் இருக்கும்போது 12.5 முதல் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான் மிச்சம். மைனஸ் முனையைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை கரையில் சார்ஜ் போட்டு, டிஸ்டில்டு வாட்டரின் மட்டம் பார்த்தால் போதும். குடிநீர்க் கேன் தண்ணீரை ஊற்றவும் கூடாது, எதையும் ஊற்றாமல் வற்றவிடவும் கூடாது. இரண்டுமே கொலைதான், வேகம்தான் வேறு. சார்ஜ் ஏறும்போது வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே வெடிக்கும் என்பதால் இஞ்சின் ரூமின் மூடி திறந்திருக்க வேண்டும். கடல்நீர் அமிலத்தோடு கலந்து சார்ஜ் ஏறினால் குளோரின் நச்சுவாயு எழும். ஆகவே பேட்டரியின் இடம் அடித்தளத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளமாக இருக்கக் கூடாது. மேடையில், பட்டை போட்டு, அலையில் குதிக்காதபடி கட்டியிருக்க வேண்டும். அதிர்வில் தகட்டுப் பொருள் உதிர்வதும் ஆயுளைக் குறைக்கும் பெரிய காரணம்.

புதிய வகைகளைப் பற்றியும் கேட்பார்கள். அமிலத்தைக் கண்ணாடி இழையில் ஊறவைத்த ஏஜிஎம் வகை செல்ஃபுக்கு மிக நல்லது. சிந்தாது, அதிர்வைத் தாங்கும், கொட்டும் வேகமும் அதிகம். விலை கூடுதல், வெப்பமும் மிகை சார்ஜும் அதற்கு ஆகாது, உள்ளே வற்றிய நீரை மறுபடி ஊற்றவும் முடியாது. பழைய ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் 15 வோல்ட்டைத் தொடுகிறது என்றால் ஏஜிஎம் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. லித்தியத்தைப் பழைய இஞ்சினின் செல்ஃபுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளுக்குள் இருக்கும் காவல் சுற்று, அளவுக்கு மீறி இழுத்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படித் துண்டித்தால் ஆல்டர்னேட்டரில் மின்னழுத்தம் எகிறி டயோடுகள் கருகும். விளக்குக்கான தனி பேட்டரியாக, அதற்கென்ற சார்ஜரோடு, அது வரட்டும்.

வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைக் கேட்டுப் பாருங்கள். கடை அலமாரியில் ஆறு மாதம் சார்ஜ் இல்லாமல் தூங்கிய பேட்டரி, பெயருக்குத்தான் புதிது. லோடு டெஸ்டர் உள்ள கடையில் சிசிஏ எண்ணின் பாதி அளவுக்கு 15 நொடி சுமையேற்றிக் காட்டச் சொல்லலாம், 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பிளஸ், மைனஸ் முனைகள் பழையதில் இருந்த பக்கத்திலேயே இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். எட்டாத கேபிளை இழுத்து மாட்டும் அவசரத்தில்தான் மாற்றிக் கொடுத்து டயோடை எரிக்கிறார்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துக் கழிவு வாங்கிக்கொள்ளுங்கள், 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. இவை எல்லாவற்றுக்கும் மே மாதக் கடைசியிலேயே நாள் குறித்துவிடுங்கள். ஜூன் 14 அன்று துறைமுகத்தின் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் கிளம்பத் துடிக்கும். அன்றைக்கு பேட்டரிக் கடையில் நிற்கிறவருக்குக் கிடைப்பது, கடையில் மிஞ்சியிருப்பதுதான்.